குடவோலையும் இரண்டாவது முயற்சியும்

அன்புள்ள சார்,

பெரம்பூரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எல்லாப் பாடத்திலும் பிள்ளைகளைப் பொறியாளர் மாதிரி யோசிக்கப் பழக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அறிவியல் ஆசிரியர் ஐஸ் குச்சியில் பாலம் கட்ட வைத்துவிட்டார். வரலாற்றில் நான் என்ன செய்வது? ஏற்கெனவே இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இன்ஜினியரிங்தான். வகுப்பிலும் அதையே திணிக்க வேண்டுமா?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

திணிக்க வேண்டாம். இன்ஜினியரிங் சீட்டு வேறு, பொறியாளர் யோசிக்கும் விதம் வேறு. கையில் இருக்கும் பணமும் பொருளும் நேரமும் இவ்வளவுதான் என்று ஒத்துக்கொண்டு ஒன்றைச் செய்வது, அது எங்கே பழுதாகும் என்று முன்னாலேயே தேடுவது, பழுதானால் திருத்துவது. வக்கீலுக்கும் சமையல்காரருக்கும்கூட இது வேண்டும்.

வரலாற்றில் இதற்கு இடமில்லை என்று நினைக்காதீர்கள். குடவோலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து, ஊர் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த சோழர் கால முறை. உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதிகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு விதிக்கும் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்தத் தவறைத் தடுக்க வந்தது? கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது, ஏன்? கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் ஏன் விலக்கினார்கள்? ஓலையை எடுக்க ஏன் சிறு பையன்? வாங்குகிறவர் ஏன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள், ஓலையை மாற்றும் வித்தை அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். பராந்தகச் சோழன் காலத்தில் 919 வாக்கில் எழுதிய முறையை, இரண்டே ஆண்டில், 921 வாக்கில், திருத்தி மறுபடி கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் முறையில் கண்ட குறையை மறைக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் யாருக்கு இடமே இல்லை என்றும் வகுப்பில் கேளுங்கள். நிலமில்லாதவர்கள், பெண்கள் என்று பதில் வரும். சரி, நீங்கள் திருத்தி எழுதுங்கள் என்று தாளைக் கொடுங்கள்.

அந்த ஊரில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியமே இருந்தது. எங்கள் குடியிருப்பில் அப்படி யாரும் இல்லை. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது குழி வெட்டினோம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு நின்றபோதுதான் மூடியைத் திறந்தோம். மணலும் சருகும் அடைத்துக் கிடந்தன. யார், எப்போது சுத்தம் செய்வது என்று ஒருவரும் முடிவு செய்திருக்கவில்லை. நானும்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

கணக்கு ஆசிரியரிடமும் இதைச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 25,000 லிட்டர். வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தாலும் 20,000 மிஞ்சும். உங்கள் பள்ளி மாடியைப் பிள்ளைகளே அளக்கட்டும். தமிழ் வகுப்பில், பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வழி எழுதச் சொல்லலாம். இன்னொரு பிள்ளை அதைப் படித்து, எழுதியபடியே நடக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறதோ அந்த வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும்.

ஒன்றே ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறேன். நம் வகுப்புகளில் சிவப்பு மையில் சுழித்ததோடு தவறின் கதை முடிந்துவிடுகிறது. திருத்தி எழுதியதற்கும் மதிப்பெண் கொடுங்கள். பத்து மதிப்பெண் என்றால், முதல் முயற்சிக்கு நான்கு, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று எழுதியதற்கு ஆறு. பெற்றோர் கேள்வி கேட்பார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

உங்கள் வகுப்பு குடவோலை விதிகளில் எதை முதலில் மாற்றியது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.