கானாவில் நடப்பது அதிபர் ஆட்சியா, நாடாளுமன்ற ஆட்சியா?

இரண்டும் கலந்த ஆட்சி என்பதே சரியான விடை. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, அதிபரை மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதிக்கு மேல் வாக்குகளை எவரும் பெறாவிட்டால், முதலிரு வேட்பாளர்களுக்கிடையே மறுசுற்று நடைபெறும்.

இதுவரை அமெரிக்க முறையைப் போலவே தோன்றும். ஆனால் அமெரிக்காவில் அமைச்சராக இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக நீடிக்க முடியாது. கானாவிலோ, அமைச்சர்களில் பெரும்பாலோரை நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்தே அதிபர் நியமிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 78ஆவது பிரிவு கூறுகிறது. அமைச்சர் பதவியை எதிர்பார்த்திருக்கும் ஆளுங்கட்சி உறுப்பினர் அதிபரைக் கடுமையாகக் கேள்வி கேட்கத் தயங்குவார் என்பதால், அரசைக் கண்காணிக்கும் நாடாளுமன்றத்தின் கடமை இதனால் வலுவிழக்கிறது என்ற விமர்சனம் முற்றிலும் நியாயமானது என்றே கருதுகிறேன். மாவட்டத் தலைமை நிர்வாகிகளையும், மாவட்ட மன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதலோடு, அதிபரே நியமிக்கிறார். மரபுவழித் தலைவர்களுக்கு மக்களிடையே பெரும் செல்வாக்கு உண்டு. எனினும் அவர்கள் கட்சி அரசியலில் ஈடுபட அரசியலமைப்பு தடை விதிக்கிறது.

அதிகாரம் இவ்வளவு தூரம் ஓரிடத்தில் குவிந்திருந்தும், புதிய தேசபக்திக் கட்சிக்கும் தேசிய ஜனநாயகக் காங்கிரஸுக்கும் இடையே 2001, 2009, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் ஆட்சி அமைதியாகவே கைமாறியது. இவற்றுள் 2009ஆம் ஆண்டு மாற்றத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் அதற்கு முந்தைய மறுசுற்றில் வெற்றியைத் தீர்மானித்தது அரை விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கு வித்தியாசமே.