சுவத்துல ஸ்லோகன், பாத்ரூம்ல ஒழுகுற குழாய்: வாசகர் கேள்வி-பதில்

பள்ளிக்கூடத்துல தண்ணிய பத்தி எப்படி சொல்லித்தர்றது, உங்க அனுபவம் என்ன, சந்தேகம் என்னன்னு போன மாசம் கேட்டிருந்தோம். வந்த லெட்டருங்கள்ல பாதி டீச்சருங்க எழுதினது, மீதி அம்மா அப்பாங்க, ஒண்ணு ரெண்டு பசங்களும் எழுதியிருக்காங்க. நான் 28 வருஷம் அரசுப் பள்ளில சயின்ஸ் எடுத்தவன், அதனால கொஞ்சம் வாத்தியார் வாடை அடிக்கும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: எங்க ஸ்கூல் பசுமைப்படைக்கு நான்தான் பொறுப்பு சார். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம் வந்தா ஓவியப் போட்டி, ஊர்வலம், உறுதிமொழி. பசங்க வருஷா வருஷம் அதே கண்ணீர் விடுற குழாயத்தான் வரையுறாங்க. வேற என்னதான் பண்றது? (ஆசிரியை, ஆத்தூர்)

டீச்சர், அந்த கண்ணீர் விடுற குழாய நானும் ஒரு முந்நூறு தடவ பாத்திருப்பேன், அதுக்கு முதல் பரிசும் குடுத்திருக்கேன். பரிசு குடுத்த அன்னிக்கு மேடைக்குப் பின்னாடி பாத்ரூம்ல நிஜக் குழாய் ஒண்ணு வாஷர் தேஞ்சு போய் நாலு மாசமா சொட்டிக்கிட்டே இருந்துச்சு, யாரும் கண்டுக்கல, நானும்தான். எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு வந்து "சார், அந்தக் குழாய வரைஞ்சா பரிசு உண்டா?"ன்னு கேட்டா. கிண்டலா கேட்டாளா நிஜமா கேட்டாளான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

மறுநாள் லேப்ல இருந்து அளவு ஜாடிய எடுத்துட்டுப் போய் அந்தக் குழாய்க்குக் கீழ வச்சோம், பத்து நிமிஷம். செகண்டுக்கு ஒரு சொட்டு, பத்து நிமிஷத்துல 600 சொட்டு, ஜாடில கிட்டத்தட்ட 30 மில்லி. "இவ்ளோதானா சார்"னு பசங்களுக்கு ஒரே ஏமாத்தம். சரி, ஒரு நாளைக்கு எத்தன பத்து நிமிஷம்னு கேட்டேன், 144. பெருக்குனா 4 லிட்டர் 320 மில்லி, வருஷத்துக்குப் போட்டா 1,500 லிட்டர தாண்டுது, அது ஒரே ஒரு குழாய், அதுவும் சின்னதா சொட்டுறது. ஸ்கூல் முழுக்க சுத்தி வந்து எண்ணுனப்ப ஒழுகுற குழாய் ஏழு இருந்துச்சு, அதுல ரெண்டு சொட்டல, ஓடிச்சு. வாஷர் மாத்த ஆன செலவு ஒரு டீ வடை காசு.

இது முடிஞ்சதும் இன்னொண்ணு பண்ணுங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஓவர்ஹெட் டேங்க முழுசா நிரப்பிட்டு மோட்டார ஆஃப் பண்ணிடுங்க, திங்கக்கிழமை காலைல முதல் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வாட்ச்மேன் அண்ணன மேல ஏறி ஒரு குச்சி விட்டு அளக்கச் சொல்லுங்க (பசங்கள ஏத்தாதீங்க, எவ்ளோ கெஞ்சுனாலும் சரி). ஸ்கூல்ல ஈ காக்கா இல்லாத நாள்ல தண்ணி இறங்கியிருந்தா அத குடிச்சது ஏதோ ஒரு குழாய் இல்லன்னா ஃப்ளஷ் டேங்க், வேற யாரு? தென்னாப்பிரிக்கால கேப் டவுன் ஊரு 2018ல தண்ணி தீந்துரும்னு ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான்னு கட்டுப்பாடு போட்டப்ப, அங்க நிறைய ஸ்கூல்ல எலக்ட்ரானிக் மீட்டர் மாட்டுனாங்க, அதுலயும் முதல்ல காட்டிக் குடுத்தது ராத்திரி ஒழுக்குதான். நமக்கு மீட்டர் இல்லன்னா குச்சி.

கடைசியா ஒரு விஷயம், தமிழ்ப் பாடத்துல "ஊராட்சி மன்றத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுக"ன்னு ஒரு கேள்வி வருமே, அத கற்பனையா எதுக்கு எழுதணும்? அளந்த கணக்க வச்சு நிஜ விண்ணப்பம் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோட நிஜமாவே அனுப்புங்க. பதில் வந்தா நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, வரலன்னா எத்தன நாளா வரலன்னு ஒட்டுங்க.

கேள்வி: என் பையன் மூணாவது படிக்கிறான். ஸ்கூல்ல தண்ணி சிக்கனம்னு சொல்லிக் குடுத்ததுல இருந்து எங்க மாமியார் குளிக்கும்போது பாத்ரூம் கதவத் தட்டி "பாட்டி ஒரு பக்கெட்டுக்கு மேல போகாதீங்க"ன்னு கத்துறான். அவங்களுக்கு ஒரே கோவம். (இல்லத்தரசி, தாம்பரம்)

பாட்டிக்கு என் சார்பா ஒரு மன்னிப்பு சொல்லிடுங்கம்மா. பையனுக்கு போலீஸ் வேலை பிடிச்சுப் போச்சு, அவ்ளோதான். அவன்கிட்ட வேற டூட்டி குடுங்க: ஆர்ஓ மெஷின்ல இருந்து ஒரு ட்யூப் வழியா வீணா வெளிய போற தண்ணிய ஒரு வாரம் பக்கெட்ல பிடிச்சு எத்தன லிட்டர்னு காலண்டர்ல எழுதச் சொல்லுங்க. நிறைய வீட்டு மெஷின் ஒரு லிட்டர் குடிக்கக் குடுக்க ரெண்டு மூணு லிட்டர வெளிய தள்ளுது. அத மாப் போடவும் பாத்ரூம் கழுவவும் தாராளமா எடுக்கலாம், செடிக்கு மட்டும் உப்பு அதிகமான்னு பாத்துட்டு ஊத்துங்க. அப்புறம் பாட்டிகிட்ட உக்காந்து அவங்க சின்ன வயசுல தண்ணி எங்க இருந்து எடுத்துட்டு வந்தாங்க, எத்தன கொடம்னு கேக்கச் சொல்லுங்க, வீட்லயே தண்ணிய அளந்து செலவு பண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான்னு அவனுக்குப் புரிஞ்சுரும்.

கேள்வி: எங்க பள்ளில மழைநீர் சேகரிப்பு இருக்கு, இன்ஸ்பெக்‌ஷன் வந்தா காட்டுவோம். ஆனா வேலை செய்யுதான்னு எனக்கே தெரியாது. இத வச்சு பாடம் நடத்த முடியுமா? (தலைமையாசிரியர், திருவள்ளூர் மாவட்டம்)

ஐயா, உண்மைய எழுதுனதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. 2003ல தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அவசரச் சட்டம் வந்தப்ப ஊரெல்லாம் குழி தோண்டுனாங்க, அப்புறம் அந்தக் குழிக்கு மேல சைக்கிள் ஸ்டாண்ட் வந்துச்சு, மண்ணு மூடிச்சு, பைப்புக்குள்ள அணில் கூடு கட்டிச்சு. 2019ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு சென்னைக்கு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, ஜூலை 12 அன்னிக்கு முதல் ரயில்ல 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர், அது உங்க பசங்களுக்கு நல்லா ஞாபகப்படுத்த வேண்டிய விஷயம், ஏன்னா இப்ப ஆறாவது படிக்கிறவன் அப்ப ரொம்பச் சின்னக் கொழந்த.

பாடம் நடத்த தாராளமா முடியும், கணக்கு வாத்தியார கூட்டு சேத்துக்கோங்க. ஒரு சதுர மீட்டர் மேல ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒரு லிட்டர், இந்த ஒரு வரி தெரிஞ்சா போதும். மொட்டை மாடிய டேப் பிடிச்சு அளக்கட்டும். 5,000 சதுர அடின்னு வச்சுக்கோங்க, அது சுமார் 465 சதுர மீட்டர். நல்லா ஒரு மழை, 25 மில்லிமீட்டர், பேஞ்சா 11,600 லிட்டர் சொச்சம் விழுது, தெறிச்சது காஞ்சதுன்னு அஞ்சுல ஒரு பங்கு கழிச்சாலும் 9,300 லிட்டர். அதாவது ஒரு 9,000 லிட்டர் லாரித் தண்ணி ஒரே மழைல உங்க மாடில இருந்து ரோட்டுக்கு ஓடுது. காசு குடுத்து லாரி வாங்குற ஸ்கூலா இருந்தா இந்தக் கணக்க ஒரு ஏழாவது பையன் பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொல்லட்டும், மேனேஜ்மென்ட் மூஞ்சிய அப்ப பாக்கணும்.

மழைய அளக்க ஒரு தண்ணி பாட்டில் போதும், மேல்பக்கத்த வெட்டி கவுத்து புனல் மாதிரி சொருகிட்டு, அடில வளைவா இருக்குற இடம் வரைக்கும் தண்ணி ஊத்தி அங்க பூஜ்யம்னு கோடு போட்டு, அதுக்கு மேல ஸ்கேல ஒட்டிருங்க. வானிலை ஆபீஸ்ல காலைல எட்டரை மணிக்குத்தான் மழை அளவு எடுக்குறாங்க, உங்க பசங்களும் அதே நேரத்துக்கு எடுத்தா சாயங்காலம் நியூஸ்ல சொல்ற அளவோட ஒத்துப் பாக்கலாம். ஒத்துப் போகாது பெரும்பாலும், ஊருக்கு ஊரு மழை மாறும்ல, அதப் பத்தி சண்ட போடுறதுதான் பாடமே.

குழி விஷயம்: செப்டம்பர் கடைசிக்குள்ள மாடிய பெருக்கி, பைப்புல குப்பைய எடுத்து, குழில இருக்குற ஜல்லியையும் மணலையும் அள்ளி அலசி திரும்பப் போடுங்க. அடச்சிருக்கான்னு பாக்க ஒரு பத்து பக்கெட் தண்ணிய ஊத்தி எவ்ளோ நேரத்துல இறங்குதுன்னு வாட்ச்ல பாக்கச் சொல்லுங்க, போன வருஷம் எவ்ளோ நேரம் ஆச்சுன்னு எழுதி வச்சிருந்தா ஒத்துப் பாக்கலாம். முதல் மழைய மட்டும் உள்ள விடாதீங்க, காக்கா எச்சமும் தூசியும் போகட்டும்.

கேள்வி: சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு மழைநீர் சேகரிப்பு மாடல் 600 ரூபாய்க்கு கடைல ரெடிமேடா விக்குது. வாங்கலாமா? (ஒரு அப்பா, கோயம்புத்தூர்)

தெர்மாகோல்ல வீடு, பச்சை கலர்ப் பொடில புல்லு, நீல செலோபேன்ல தண்ணி, முடிஞ்சதும் நேரா குப்பைத்தொட்டி. வேண்டாங்க. உங்க வீட்டு மாடியவே அளந்து ஒரு சார்ட்ல எழுதிட்டுப் போகச் சொல்லுங்க, மார்க் கொறஞ்சா எனக்கு எழுதுங்க.

கேள்வி: நான் ஒம்பதாவது படிக்கிறேன். எங்க ஊரு ஏரிய பத்தி ப்ராஜெக்ட் பண்ணணும். கூகுள்ல தேடுனா எங்க ஏரி பேரே வரல. என்ன பண்றது சார்? (மாணவி, செய்யாறு பக்கம் ஒரு கிராமம்)

ரொம்ப நல்லதாப் போச்சும்மா, வந்திருந்தா காப்பி அடிச்சிருப்ப. கூகுளுக்குத் தெரியாதது உங்க ஊரு டீக்கடைக்குத் தெரியும். ஏரிக்கு தண்ணி எந்தக் கால்வாய்ல வருது, மதகு எத்தன, மிச்சத் தண்ணி எந்த கலங்கல் வழியா எந்த ஏரிக்குப் போகுது, கடைசியா கலங்கல் போனது எந்த வருஷம், முன்னாடி மடை திறந்து விடுற நீர்க்கட்டி யாரு, இப்ப அந்த வேலைய யாரு பாக்குறா, இத மட்டும் வயசான அஞ்சு பேருகிட்ட கேட்டு எழுது. அஞ்சு பேரும் அஞ்சு மாதிரி சொல்லுவாங்க, அப்படியே எழுது, சரி பண்ணாத. கரை மேல மட்டும் நடங்க, பெரியவங்க துணையோட, தண்ணில இறங்கவே கூடாது, மண்ணு அள்ளுன குழி உள்ள எவ்ளோ ஆழம்னு மேல இருந்து பாத்தா தெரியாது.

உனக்கு கிட்டத்துலயே உத்திரமேரூர் இருக்கு, ஒரு நாள் அப்பாவ கூட்டிட்டுப் போகச் சொல்லு. அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921ன்னு ரெண்டு இருக்கு. குடவோலை எடுத்து ஆள் தேர்ந்தெடுத்த கதை உங்க புக்குலயே வரும், ஆனா அதுல ஏரிக்குன்னு தனியா ஒரு வாரியமே இருந்துச்சு, ஆறு பேரு, ஒரு வருஷப் பதவி. பொறுப்புல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் மட்டுமில்ல, அவன் சொந்தக்காரனும் மறுபடி நிக்க முடியாது. இத ப்ராஜெக்ட்ல ஒரு பக்கம் எழுதிட்டு, பக்கத்துலயே உங்க ஊரு ஏரிக்கு இன்னிக்கு யாரு பொறுப்பு, கடைசியா தூர் வாரின கணக்கு எங்க இருக்குன்னு எழுது. அந்த எடத்த காலியா விட வேண்டி வந்தாலும் பரவாயில்ல, காலியாவே விடு.

கேள்வி: விவசாயமும் கம்பெனியும்தான் தண்ணிய உறிஞ்சுது. குழந்தைங்க பல்லு விளக்கும்போது குழாய மூடி என்னத்த மிச்சம் பிடிக்கப் போகுது? இதெல்லாம் கண்துடைப்பு. (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

பாதி ஒத்துக்குறேன். நம்ம நாட்டுல எடுக்குற தண்ணில நூத்துக்கு 80 பங்குக்கு மேல விவசாயத்துக்குத்தான் போகுது. அப்ப அதையும்தான் பாடத்துல சொல்லணும், பல்லு விளக்குறதோட நிறுத்துறதுதான் தப்பு. இங்க பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசம், அது ஏன் குடுத்தாங்க, குடுக்கலன்னா யாரு பொழைக்க முடியாது, குடுத்ததால நிலத்தடி நீரு என்ன ஆச்சு, மூணையும் சேத்துப் பேசுற மாதிரி பத்தாவது பசங்களுக்கு ஒரு பட்டிமன்றம் வைங்க. டெல்டால இருக்குற பையனுக்கு மேட்டூர் எப்ப தொறப்பாங்கன்னு நம்மள விட நல்லாத் தெரியும், அவன்கிட்ட போய் "துளி நீரும் வீணாக்காதே"ன்னு சொன்னா சிரிப்பான். ஆனா கம்பெனி திருந்தட்டும் அப்புறம் ஸ்கூல்ல ஒழுகுற குழாய சரி பண்ணலாம்னு சொன்னா அதையும் நான் ஒத்துக்க மாட்டேன் சார்.

கேள்வி: எங்க ஸ்கூல்ல பொண்ணுங்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேங்குதுங்க, பாத்ரூம் போகணுமேன்னு. இவங்ககிட்ட தண்ணி சிக்கனம் பேசவே எனக்குக் கூச்சமா இருக்கு. (ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்)

கூச்சப்பட வேண்டியது நீங்க இல்ல டீச்சர். கொண்டு வந்த பாட்டில அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போற பொண்ண நானும் பாத்திருக்கேன், நீர்க்கடுப்புன்னு மாசம் ரெண்டு லீவு போடுவா, நானோ லீவு லெட்டர்ல எழுத்துப்பிழை திருத்திக்கிட்டு இருந்தேன். கேரளால 2019ல தண்ணி குடிக்கிறதுக்குன்னே தனியா மணி அடிக்க ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், ஆனா மணி அடிச்சா மட்டும் போதாது, கதவுக்குத் தாப்பா வேணும், உள்ள பக்கெட்ல தண்ணி வேணும், நாப்கின் போட மூடி வச்ச தொட்டி வேணும். உங்க ஸ்கூல்ல இது மூணும் வர்ற வரைக்கும் சிக்கனம்ங்கற வார்த்தையவே எடுக்காதீங்க. ஒரு பொண்ணுக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி தேவை, ஸ்கூல்ல எவ்ளோ கிடைக்குதுன்னு அவங்களையே கணக்கு எடுக்கச் சொல்லுங்க, அந்தத் தாள பள்ளி மேலாண்மைக் குழுவுல வைங்க. அதுவும் தண்ணிப் பாடம்தான்.

கேள்வி: சத்துணவு முடிஞ்சு தட்டு கழுவுற தண்ணி எங்க ஸ்கூல் வாசல்ல தேங்கி கொசு. ஏதாவது ஐடியா? (சத்துணவு அமைப்பாளர், தேனி மாவட்டம்)

தொடக்கப் பள்ளிங்கள்ல 2022ல காலை உணவு வந்ததுல இருந்து தட்டு கழுவுறது ரெண்டு வேளையா ஆயிடுச்சு, அதனால தண்ணியும் ரெண்டு மடங்கு. குழாயடில இருந்து சின்னதா ஒரு வாய்க்கா எடுத்து அது முடியுற எடத்துல நாலு வாழை வைங்க, நடுவுல ஒரு பழைய கொசுவலைத் துண்ட மடிச்சு சொருகுங்க, சோத்துப் பருக்கை அதுல நிக்கும், இல்லன்னா ரெண்டே நாள்ல அடச்சுக்கிட்டு நாறும். பருக்கைய தினமும் ஒரு வகுப்பு எடுத்து கோழிக்குப் போடணும். சோப்புத் தூள் அதிகம் போடாதீங்க, சாம்பலோ தேங்கா நாரோ போதும். வாழை குலை தள்ளுனா பழத்த எந்த வகுப்புக்குக் குடுக்குறதுன்னு மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு பண்ணிக்கோங்க, எங்க ஸ்கூல்ல அதுக்கு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு.