ஆட்டைச் சுடலாமா? சூழல் அறம்: கேள்வி பதில்

*விலங்குரிமை பேசுகிறவர்களும் காடு காக்கிறவர்களும் ஒரே கட்சிதானே, ஏன் முட்டிக்கொள்கிறார்கள்?*
– மாணவி, கோவை

ஒரே கட்சி இல்லை. கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் இசபெலா தீவில் ஆடுகள் பெருகி, ராட்சத ஆமைகளின் இரையையும் நிழலையும் மேய்ந்து தீர்த்தன. 1997 முதல் 2006 வரை நடந்த ‘இசபெலா திட்டத்தில்’ அங்கும் பக்கத்துத் தீவுகளிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் ஒழிக்கப்பட்டன; பலவற்றை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். ஒளிந்துகொண்ட மிச்சத்தைப் பிடிக்க ரேடியோ பட்டை கட்டிய ஆடுகளை விட்டார்கள். ஆடு தன் கூட்டத்தைத் தேடிப் போகும். பின்னாலேயே துப்பாக்கியும் போகும். ‘யூதாஸ் ஆடு’ என்று பெயர்.

விலங்குகளின் பக்கம் பேசும் தத்துவவாதி பீட்டர் சிங்கருக்கு (1975) அளவுகோல் வலி. அரிய இனம் என்பதால் ஆமையின் வலிக்குக் கூடுதல் எடை கிடையாது. விலங்குரிமைத் தத்துவவாதி டாம் ரீகன் (1983) இன்னும் கறார்: தனக்கென ஒரு வாழ்வுள்ள விலங்கை எந்த லாப நட்டக் கணக்குக்காகவும் பலியிடக் கூடாது. காடு காக்கும் பக்கத்தில், அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்டின் நில அறமோ (1949) மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த சமூகத்தின் முழுமையையும் நிலைப்பையும் அழகையும் பார்க்கிறது. அதன்படி ஆட்டை அகற்றுவது கடமை. அப்படியானால் அளவுமீறிப் பெருகிவிட்ட மனிதனை என்ன செய்வது? இதனால்தான் ரீகன் நில அறத்தைச் ‘சூழல் பாசிசம்’ என்றார். நில அறம் மனிதருக்கான பழைய கடமைகளோடு சேர்கிறதே தவிர அவற்றை அழிப்பதில்லை என்பது, நில அறத்தை ஆதரிக்கும் தத்துவவாதி காலிகாட்டின் சமாதானம். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. இரண்டும் மோதும்போது எது ஜெயிக்கும் என்பதற்குத் தெளிவான விதி இல்லை. விவாதத்தில் இறங்கும் முன், எதிராளி எண்ணுவது உயிர்களையா, இனங்களையா என்று கேட்டுவிடுங்கள்.

*ஆழ்சூழலியல் மனித வெறுப்புதானே?*
– வாசகர், தேனி

இல்லை. மனிதனுக்குப் பயன்படுவதற்காக மட்டுமன்றி, இயற்கைக்குத் தன்னளவிலேயே மதிப்பு உண்டு என்பதுதான் ஆழ்சூழலியல். பணக்கார நாட்டினரின் உடல்நலத்துக்கும் வசதிக்கும் மட்டுமாக மாசை எதிர்ப்பதை ‘ஆழமற்றது’ என்றார் அந்தப் பெயரைத் தந்த நார்வே தத்துவவாதி ஆர்னே நெஸ் (1973). எல்லா உயிருக்கும் சம உரிமை என்றவர், ‘கொள்கையளவில்’ என்றும் சேர்த்தார். கொஞ்சமாவது கொல்லாமல் எவரும் வாழ முடியாதே. 1984இல் ஜார்ஜ் செஷன்ஸுடன் அவர் எழுதிய எட்டு அம்சங்களில், இன்றியமையாத தேவைக்கன்றி உயிர்வளத்தைக் குறைக்க மனிதனுக்கு உரிமை இல்லை. எது இன்றியமையாதது? அதை வேண்டுமென்றே திறந்து விட்டார்கள். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இல் கைவைத்தது வேறு இடத்தில். மனிதரற்ற காடு என்ற அமெரிக்கக் கனவை இந்தியாவில் நட்டால், ஊரைக் காலிசெய்து புலிக் காப்பகம் அமைப்பதில் ஏழைகளின் வளம் வசதியானவர்களுக்குக் கைமாறுகிறது என்றார். நெஸ்ஸின் அம்சங்களில் இதற்கு நேரடி விடை தேடினால் கிடைக்காது.

*மரம் வழக்குப் போட முடியுமா?*
– வழக்கறிஞர், மதுரை

மரத்தின் பெயரில் ஒரு காப்பாளர் போடலாம் என்று வாதிட்டார் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஸ்டோன் (1972). அதே ஆண்டு மினரல் கிங் பள்ளத்தாக்கு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி டக்ளஸ் அதை ஏற்றார். ஆனால் அது பெரும்பான்மையோடு உடன்படாத மாறுபட்ட தீர்ப்பு. சட்டத்தில் ஆள்தன்மை, அதாவது ஒரு நபராக ஏற்கப்படும் தகுதி, கம்பெனிக்கும் உண்டு. எனவே அதை வைத்து அறமதிப்பை நிறுவ முடியாது. 2017இல் நியூசிலாந்தின் வாங்கானுய் ஆறு அத்தகுதி பெற்றது. அதன் சார்பில் பேச இருவர்: ஒருவர் அரசின் நியமனம், மற்றவர் ஆற்றோர மாவோரி மக்களின் நியமனம்.