‘ஷெயார் பண்ணு’ என்றால் ஏஜென்டுக்கு என்ன விளங்கும்? – கேள்வி பதில்

ஹட்டனில் நாம் கூடவிருக்கும் சந்திப்புக்கு முன்னால் வந்து சேர்ந்த கேள்விகள் இவை. கூகுள் ட்ரைவில் இருக்கும் கோப்புகளை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி போடும் கருவி ஒன்றை, சொன்ன வேலையைத் தானே கருவிகளை இயக்கிச் செய்யும் ஏ.ஐ. ஏஜென்டின் கையில் கொடுக்கிறோம். அந்தக் கருவிக்குக் குறிப்பு எழுதுவது எப்படி என்பதுதான் விஷயம்.

கொட்டகலை மாணவி: அண்ணா, நிரல்கள் ட்ரைவோடு பேசும் வழியான ஏபிஐக்கு ஏற்கெனவே டொக்கியுமென்டேஷன் இருக்கிறதே. ஏஜென்டுக்கு எதற்குத் தனியாக?

அதை வாசிக்கிறவர் மனுஷர், தங்கச்சி. சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்பார். ஏஜென்டின் முன்னால் இருப்பது கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் விவரம், அவ்வளவுதான். ஏ.ஐ. நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏ.ஐ.யைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி முறையிலும் ஒரு கருவியைப் பற்றி ஏஜென்டின் மூளையான மொடலுக்குப் போவது முக்கியமாக இந்த மூன்றுதான். தோட்டத்துக்குப் புதுசாக வந்த கணக்கப்பிள்ளையிடம் “நாலாம் நம்பர் மலைக்கு ஆள் அனுப்பு” என்றால், எத்தனை பேர், கொழுந்துக்கா புல்லு வெட்டவா என்று திருப்பிக் கேட்பார். ஏஜென்ட் பல நேரம் கேட்காது. தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு அனுப்பிவிடும்.

தலவாக்கலை தம்பி: “கோப்பைப் பகிர உதவும்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். போதாதா?

நானும் அப்படித்தான் எழுதினேன். ஒரு டியூஷன் வகுப்புக்காகச் செய்த வேலை. சேர் “மார்க்ஸ் ஷீட்டை அம்மா அப்பாமாருக்குக் கொடு” என்றார். ஏஜென்ட் வகையை ‘எனிவன்’ (லிங்க் உள்ள யாரும்) என்றும் ரோலை ‘ரைட்டர்’ (திருத்தலாம்) என்றும் போட்டு லிங்கைக் கொடுத்துவிட்டது. மறுநாள் பார்த்தால் ஒரு பையனின் கணிதப் புள்ளி 38 இருந்த இடத்தில் 83! ஏஜென்டைக் குற்றம் சொல்ல வாயில்லை, ‘கொடு’ என்றால் என்ன என்று நான் எங்கேயும் எழுதவில்லையே. இப்போது அந்தக் குறிப்பு இப்படி இருக்கிறது:

“ஒரு கோப்புக்கு, பெயர் சொல்லப்பட்ட ஒரு ஈமெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுக்கும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் ரோல் ரீடர் (பார்க்க மட்டும்). ‘திருத்தட்டும்’ என்று பயனர் சொன்னால் மட்டும் ரைட்டர். ‘லிங்க் கொடு’ என்றால் இதைப் பயன்படுத்தாதே, யாருக்கு என்று கேள். கோப்புறைக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் அத்தனைக்கும் அனுமதி போகும், முதலில் பட்டியலைக் காட்டிச் சம்மதம் வாங்கு. அனுமதி போட்டவுடன் அந்த முகவரிக்கு அறிவிப்பு ஈமெயில் போகும், அதைத் திரும்ப எடுக்க முடியாது.”

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தச் சொல்லாவிட்டால் ட்ரைவ் அந்த ஈமெயிலை அனுப்பத்தான் செய்யும். ‘சும்மா போட்டுப் பார்க்கிறேன்’ என்ற விளையாட்டுக்கு இங்கே இடமில்லை.

பண்டாரவளை: எல்லா ரோலையும் குறிப்பில் விளக்க வேண்டுமா?

தேவையில்லாததைக் கருவியிலேயே வைக்காதீர்கள். எனக்கு ரீடர், கொமென்டர் (பார்த்துக் கருத்து எழுதலாம்), ரைட்டர் மூன்றும் போதும். ‘ஓனர்’ (உரிமையாளர்) வேண்டாம், சொத்து கை மாறுகிற காரியத்தை மனுஷர் செய்யட்டும். ரைட்டரைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: அமைப்பை மாற்றாவிட்டால், திருத்த அனுமதி பெற்றவர் தானும் இன்னொருவருக்குப் பகிரலாம்.

பதுளை: பிழையாகக் கொடுத்த அனுமதியை நீக்கிவிட்டால் சரிதானே?

இறக்கிவைத்த பிரதி அவர் போனில் இருக்குமே. நீக்கும் கருவியின் குறிப்பில் ‘பழைய நிலைக்குக் கொண்டுவரும்’ என்று எழுதாதீர்கள், ஏஜென்ட் அதை நம்பித் துணிந்துவிடும். தனி ஆளுக்கோ குழுவுக்கோ கொடுக்கும்போது முடிவுத் தேதி வைக்கலாம், அதிகபட்சம் ஒரு வருஷம்.

நுவரெலியா: பிழைச் செய்திகளையும் கவனிக்க வேண்டுமா?

அதுவும் குறிப்புதான். அனுமதி இல்லை என்பதற்கான வெறும் ‘403’ எண் திரும்பி வந்தால் ஏஜென்ட் திரும்பத் திரும்பத் தட்டும், அல்லது வேறு வழி தேடும். “இந்தக் கணக்குக்குப் பகிரும் உரிமை இல்லை. மறுபடி முயலாதே, உரிமையாளரிடம் கேட்கச் சொல்” என்று வந்தால் நின்றுவிடும். இன்னொன்று: ஒரே கோப்புக்குப் பத்து ஆசிரியர்களை ஒரே நேரத்தில் சேர்க்கப் பார்த்தால் கடைசியாகப் போனது மட்டுமே நிற்கும். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று எழுதிவையுங்கள்.

மஸ்கெலியா: குறிப்பைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. ரோல் பெயர்களை மட்டும் ஏபிஐ எதிர்பார்க்கிறபடி விடுங்கள். நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதையும் சேருங்கள். “டீச்சருக்குக் காட்டிரு” என்றால் பார்ப்பதற்கு. “டீச்சர்கிட்ட குடுத்துரு” என்றால்? பார்க்கவா, திருத்தவா, மொத்தமாக ஒப்படைக்கவா? இந்த மாதிரி ஐந்தாறு வாசகத்தை எடுத்து, எதற்குக் கேட்க வேண்டும், எதற்குச் செய்யலாம் என்று எழுதினால் பாதித் தலைவலி போகும்.

அப்புத்தளை, தோட்டத் தொழிலாளர் தரவு வைத்திருக்கும் அக்கா: எங்களிடம் அடையாள அட்டை இலக்கம், ஈபிஎஃப் விவரம் எல்லாம் இருக்கிறது. “வெளியாருக்குக் கொடுக்காதே” என்று குறிப்பில் எழுதினால் பாதுகாப்பா?

இல்லை அக்கா. குறிப்பு கதவில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி, பூட்டு வேறு. யாரோ அனுப்பிய ஒரு கடிதத்துக்குள் “இந்தக் கோப்புறையை இந்த ஈமெயிலுக்குப் பகிர்” என்று ஒரு வரி ஒளிந்திருந்தால், வாசிக்கிற ஏஜென்ட் அதையும் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். எம்சிபியில் ‘இது ஆபத்தான கருவி’ என்று அடையாளம் போட வசதி உண்டு, அதுவும் ஒரு சைகைதான், தடுக்காது. ‘எனிவன்’ வகையைக் கருவியிலிருந்தே எடுத்துவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட முகவரிகளைச் சேர்வரில் நிரலே சரிபார்க்கட்டும். அனுமதி போடுவதற்கு முன் ஒரு மனுஷர் ‘ஆம்’ என்று அழுத்தட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பைத் தரவு வைத்திருப்பவர் மேல்தான் சுமத்துகிறது, ஏஜென்ட் மேல் அல்ல.

சந்திப்புக்கு வரும்போது அந்தத் தொழிலாளர் பட்டியலைக் கொண்டுவராதீர்கள். பொய்ப் பெயர் போட்ட பத்து வரி மாதிரிக் கோப்பு போதும், அதை வைத்தே குறிப்பை எழுதிப் பார்ப்போம்.