போர்டை யாரிடம் கொடுப்பது? கடலோர வாசகர்களின் கேள்வி-பதில்

எலக்ட்ரானிக் கருவியைச் சொந்தமாக வடிவமைத்து, அதன் போர்டு (பாகங்கள் பொருத்திய மின்சுற்றுப் பலகை) தயாரிப்பை மட்டும் வெளியே கொடுக்க நினைப்பவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கேள்விகள். பெரும்பாலானவை இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்திருப்பதால், உப்புக்காற்று பற்றிய பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

கேள்வி: விசைப்படகின் அடிப்பகுதியில் தண்ணீர் ஏறினால் சைரன் அடிக்கும் கருவி ஒன்றை வடிவமைத்து, கையால் சால்டர் செய்து சில படகுகளில் மாட்டியிருக்கிறோம். இப்போது 500 தேவை. சென்னைப் பக்கம் ஒரு பெரிய நிறுவனமும் கோவையில் ஒரு சிறிய நிறுவனமும் விலை கொடுத்துள்ளன. கோவை விலை 15 சதவீதம் குறைவு. யாரைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: விலையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். விலை சொல்வதற்கு முன் அந்த இருவரும் உங்களிடம் என்னென்ன கேட்டார்கள்? கெர்பர் கோப்பு (போர்டின் வரைபடக் கோப்பு) கைக்கு வந்ததும் ‘ஒன்று இவ்வளவு’ என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பியவர் உங்கள் போர்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேலை தெரிந்தவர் திருப்பிக் கேட்பார். பேனலில் (பல போர்டுகள் சேர்ந்த பெரிய பலகை) எத்தனை போர்டு, ஓரத்தில் மெஷின் பிடிக்க 5 மில்லிமீட்டர் விளிம்பும் மெஷின் இடம் கண்டுபிடிக்க ஃபிடூஷியல் புள்ளிகளும் உண்டா, துளையில் கால் நுழைத்துப் பொருத்தும் த்ரூ-ஹோல் பாகங்கள் எத்தனை, புரோகிராமை யார் ஏற்றுவது, எப்படிச் சோதிப்பது, ஈரம் தடுக்கும் கோட்டிங் எங்கே படக்கூடாது, குறிப்பிட்ட ரிலே கிடைக்காவிட்டால் மாற்று எது? இதையெல்லாம் கேட்காத இடத்தில், லைனில் நிற்கும் ஆபரேட்டர் தன் போக்கில் முடிவெடுப்பார். பழியை மட்டும் நீங்கள் சுமப்பீர்கள்.

அளவும் முக்கியம். சாதாரண போர்டு என்றால் 500 என்பது ஒரு எஸ்.எம்.டி. லைனுக்கு (பாகங்களை மெஷினே போர்டின் மேல் வைக்கும் வரிசை) ஒரு ஷிப்ட் வேலைகூட இல்லை. ஃபீடரில் பாகங்கள் சுற்றிய ரீல் மாட்டி, சால்டர் பேஸ்ட் தடவும் ஸ்டென்சில் தகடு பொருத்தி, முதல் போர்டைச் சரிபார்க்கத்தான் நேரம் பிடிக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பெரிய ஆலைகளிடம் 500 கேட்பது, கல்யாணப் பந்திக்குச் சமைப்பவரிடம் நாலு பேருக்குச் சாப்பாடு கேட்பது போலத்தான். முடியாது என்று சொல்லமாட்டார்கள், வரிசையில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள். உங்கள் ஆர்டர் அவருடைய மாத வேலையில் கண்ணில் படும் அளவுக்காவது இருக்க வேண்டும். அந்த வகையில் கோவைக்காரர் உங்களுக்குப் பொருந்துகிறார்.

ஆனால் அந்த 15 சதவீதம் எங்கிருந்து குறைந்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெறும் பி.சி.பி. (பாகம் பொருத்தாத பலகை), பாகங்கள், அசெம்பிளி கூலி, ஸ்டென்சில், புரோகிராமிங், சோதனை, கோட்டிங், பேக்கிங் என்று தனித்தனி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சோதனையோ கோட்டிங்கோ ஒன்றில் விடுபட்டிருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்னொரு வழி, பாகத்தை மாற்றுவது. எக்ஸ்7ஆர் செராமிக் கெபாசிட்டர் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை வெப்பம் எப்படி மாறினாலும், மதிப்பு மாற்றம் 15 சதவீதத்துக்குள் நிற்கும். அதே மதிப்பில் வரும் மலிவான ஒய்5வி, தன் வெப்ப எல்லையின் கடைசியில் மதிப்பில் 80 சதவீதம் வரைகூட இழக்கும். மேசையில் இரண்டும் ஒரேமாதிரி வேலை செய்யும். இன்ஜின் அறைச் சூட்டில்தான் வேறுபாடு தெரியும். 105 டிகிரி தாங்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குப் பதில் 85 டிகிரி போடுவதும் இதே கதைதான். பி.ஓ.எம். எனும் பாகப் பட்டியலில் தயாரிப்பாளரின் முழுப் பாக எண்ணை எழுதுங்கள். எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது என்பது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருக்கட்டும்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் 20 மட்டும். கையால் செய்து தருவது கணக்கில் சேராது. 500-க்கு ஓடப்போகும் அதே லைனில், அதே ஸ்டென்சிலில், அதே பேஸ்ட்டில் அந்த 20 வர வேண்டும். ‘ஐ.பி.சி-ஏ-610, கிளாஸ் 2’ (போர்டு அசெம்பிளிக்கான சர்வதேசத் தர அளவுகோல்) என்று ஏற்பு அளவுகோலைக் குறிப்பிட்டால் சால்டர் தரம் பற்றிய வாக்குவாதம் பாதி குறையும். உயிர்காப்புக் கருவி என்று விற்கப்போகிறீர்கள் என்றால் கிளாஸ் 3 கேளுங்கள், விலை ஏறத்தான் செய்யும்.

டெஸ்ட் ஜிக்கை (போர்டைச் சோதிக்கும் சட்டம்) நீங்களே செய்து அனுப்புவது நல்லது. போகோ பின் (ஸ்பிரிங் வைத்த ஊசி) வைத்த ஒரு பலகை போதும். 9, 12, 15 வோல்ட் மூன்றிலும் இயங்குகிறதா, சும்மா இருக்கும்போது எத்தனை மைக்ரோஆம்பியர் இழுக்கிறது, சென்சாரை ஷார்ட் செய்தால் எத்தனை விநாடியில் சைரன் வருகிறது என்று பார்த்து பச்சை அல்லது சிவப்பு விளக்கு காட்டட்டும். ‘பவர் கொடுத்தோம், எல்.இ.டி. எரிந்தது’ என்பதெல்லாம் சோதனை ஆகாது.

கேள்வி: இறால் பண்ணை ஏரேட்டர் நின்றால் போனில் அழைக்கும் கருவி 200 செய்து வாங்கினோம். கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டின் மேல் அடிக்கும் ஈரத்தடுப்புப் பூச்சு) போட்டதாகத்தான் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குள் பல கருவிகளில் பச்சை பூத்துவிட்டது. கோட்டிங் மோசமா, நிறுவனம் மோசமா?
– வாசகர், தொண்டி

பதில்: பெரும்பாலும் கோட்டிங்குக்கு முன்னால் நடந்த வேலைதான் மோசமாக இருக்கும். 

சால்டர் செய்தபின் போர்டில் ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் ரசாயனம்) எச்சம் இருக்கும். ‘நோ-கிளீன்’ ஃப்ளக்ஸ் என்றால் கழுவவே வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கு அது சரி. கடலோரத்துக்குச் சரிப்படாது. எச்சத்தின் மேல் கோட்டிங் அடித்தால் அது போர்டை ஒட்டாமல் எச்சத்தை ஒட்டிக்கொள்ளும். எந்தக் கோட்டிங்கும் நீராவியை முழுதாகத் தடுக்காது. மெல்ல உள்ளே போகும் ஈரம் அந்த எச்சத்தோடு சேர, மின்னழுத்தமும் இருக்க, செம்பு அரிக்கத் தொடங்கும். நீங்கள் பார்த்த பச்சை அதுதான். கை விரல் பட்ட இடத்து வியர்வை உப்பும் இதே வேலையைச் செய்யும். ஆகவே அடுத்த நிறுவனத்திடம் ‘கோட்டிங் உண்டா’ என்று கேட்காதீர்கள். எதில் கழுவுகிறீர்கள், கழுவியபின் எத்தனை நேரம் உலர்த்துகிறீர்கள், அயனி மாசு (போர்டில் மிஞ்சும் உப்பு போன்ற எச்சம்) அளக்கிறீர்களா, கையுறை போட்டுத்தான் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். கழுவும் வசதியே இல்லாத இடம் உங்களுக்கு வேண்டாம், அங்கே மெஷின் எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

அடுத்தது தடிமன். அக்ரிலிக் கோட்டிங் 30 முதல் 130 மைக்ரான், சிலிக்கான் 50 முதல் 210 மைக்ரான் என்பது வழக்கமான வரம்பு. திரவம் சமதளத்தில் தேங்கி, கூர்மையான விளிம்பிலிருந்து வழிந்துவிடும். ஐ.சி. கால்களின் முனையில் ஒன்றுமே மிஞ்சாமல் போகும். ஒரே தடவை தடிமனாக அடிப்பதைவிட, உலரவிட்டு இரண்டு தடவை மெல்லியதாக அடிப்பது மேல். புறஊதா விளக்கில் ஒளிரும் வகைக் கோட்டிங்கையே கேளுங்கள். வந்த போர்டுகளை அந்த விளக்கின் கீழ் பிடித்தால், விட்டுப்போன இடம் கறுப்பாகத் தெரியும். ஒரு சிறிய புறஊதா டார்ச் போதும், அதிக விலையில்லை. கனெக்டர், சுவிட்ச், மூடி அடைக்காத ரிலே, பஸ்ஸர் துளை ஆகியவற்றை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். அந்த வரைபடத்தை நீங்கள்தான் தர வேண்டும்.

பெட்டியையும் பாருங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் சீலன்ட் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அதுவே செம்பைத் தின்னும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பெட்டியில் ஐ.பி.67 (தூசு, நீர் தடுப்பு அளவு) என்றால் தண்ணீருக்குள் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் பொருள், கடலோரத்தில் ஐந்து வருடம் என்று பொருளல்ல. பகல் வெயிலில் சூடாகும் பெட்டி, திடீர் மழையில் குளிரும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து, கேபிள் நுழையும் இடம் வழியாக ஈரக்காற்றை உறிஞ்சும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வென்ட் ஒன்று வைத்தால் அந்த உறிஞ்சல் அடங்கும்.

வெறும் பி.சி.பி.யில் ஹாசல் (சால்டர் பூச்சு) அல்லது ஈனிக் (நிக்கல்-தங்கப் பூச்சு) ஃபினிஷ் கேளுங்கள். செம்பின் மேல் மெல்லிய கரிமப் படலம் மட்டும் இருக்கும் ஓ.எஸ்.பி. இங்கே வேண்டாம். அடுத்த 20 மாதிரிகளில் இரண்டை உப்புப்புகைச் சோதனைக்கு அனுப்புங்கள். 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி என்பது வழக்கமான நிலை. சென்னையில் மத்திய அரசின் தரச்சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.யின் இ.டி.டி.சி. போன்ற சோதனைக்கூடங்களில் விசாரிக்கலாம். 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே பாலிசிலாக்ஸேன் பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தேவைப்பட்டிருக்கின்றன. அதே காற்றில்தான் உங்கள் கருவியும் தொங்குகிறது.

கேள்வி: பாகங்களை நாங்களே வாங்கிக் கொடுத்தால் மலிவா, எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டால் மலிவா?
– வாசகி, கீழக்கரை

பதில்: முதல் 500-க்கு இரண்டும் கலந்த வழியைச் சொல்வோம். மைக்ரோகன்ட்ரோலர், ஜி.எஸ்.எம். மாட்யூல் (சிம் போட்டுப் பேசும் பாகம்), சென்சார் போன்ற விலையுயர்ந்த, போலி நடமாடும் பாகங்களை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் நீங்களே பில்லோடு வாங்குங்கள். ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சில்லறைப் பாகங்களையும் நீங்களே கொடுத்தால் மெஷினில் சிதறுவதற்கும் ரீலின் தொடக்கத்தில் வீணாகும் நாடாவுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எண்ணி 500 அனுப்பினால் 480-வது போர்டில் லைன் நிற்கும்.

ரீல் பையை வீட்டில் பிரித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். எம்.எஸ்.எல். 3 (ஈரம் தாங்கும் அளவுக்கான குறி) என்று போட்ட ஐ.சி., பை திறந்தபின் 168 மணி நேரத்துக்குள் சால்டர் உருக்கும் அடுப்பில் ஏற வேண்டும். அந்தக் கணக்கும் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் வைத்தால் மட்டுமே. கீழக்கரைக் காற்றில் அந்த 60 சதவீதத்தை எங்கே தேடுவது? ஈரம் குடித்த ஐ.சி. 240 டிகிரிச் சூட்டில் உள்ளே ஆவி கிளம்பி விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

நீங்கள் பொருள் அனுப்புவது ஜி.எஸ்.டி. சட்டப் பிரிவு 143-இன்படி ஜாப் வொர்க் (பிறர் பொருளில் வேலை செய்து தருவது). டெலிவரி சலானோடு அனுப்பினால் வரியில்லை, ஆனால் ஓராண்டுக்குள் திரும்பி வந்திருக்க வேண்டும். டெஸ்ட் ஜிக், அச்சு போன்றவற்றுக்கு அந்தக் கெடு கிடையாது. அவர்கள் உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: டிசைனைத் திருடிவிட மாட்டார்களா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: ரகசிய ஒப்பந்தம் போடுங்கள், போட்டுவிட்டு அதை மட்டும் நம்பாதீர்கள். சோர்ஸ் கோடு வெளியே போகவே வேண்டாம். சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் கோப்பு மட்டும் கொடுத்து, ஏற்றியதும் ரீட்-அவுட் லாக் (யாரும் திரும்பப் படிக்க முடியாத பூட்டு) விழும்படி புரோகிராமிங் செய்முறையில் எழுதுங்கள். திருட்டைவிட அதிகம் நடப்பது வேறு. உறவு முறியும்போது ஸ்டென்சில், ஜிக், மிச்சப் பாகங்கள் எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். பணம் கொடுத்தது நீங்கள் என்றால் அவை உங்கள் சொத்து, கேட்ட 15 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கருவியில் சிம்மும் லோராவும் (தொலைதூர ரேடியோ இணைப்பு) இருக்கின்றன. அனுமதி வாங்குவது உற்பத்தியாளர் வேலைதானே?
– வாசகர், மண்டபம்

பதில்: இல்லை. உங்கள் பெயரில் விற்றால் பொறுப்பு உங்களுடையது. லோரா 865–867 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும். ஏற்கெனவே டபிள்யூ.பி.சி.யின் (மத்திய அரசின் ரேடியோ அலைவரிசைப் பிரிவு) இ.டி.ஏ. அனுமதி பெற்ற மாட்யூலை வாங்கினால் பாதி வேலை முடிந்தது. சிம் இருப்பதால் டி.இ.சி.யின் (தொலைத்தொடர்புத் துறையின் பொறியியல் மையம்) எம்.டி.சி.டி.இ. கட்டாயச் சான்றிதழ்ப் பட்டியலில் உங்கள் கருவி வருகிறதா என்றும் பாருங்கள். அடாப்டரோடு விற்பதானால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவெண் உள்ள அடாப்டராக இருக்கட்டும்.

கேள்வி: கம்பெனியை நேரில் போய்ப் பார்த்தால் எனக்கு என்ன புரியப்போகிறது?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: நிறையப் புரியும். சால்டர் பேஸ்ட் இருக்கும் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 2 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும், டப்பாவில் காலாவதித் தேதி, வெளியே எடுத்த நேரம் எழுதியிருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் பாட்டில் இருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. சுவரில் ஈரப்பதமானி உண்டா, அது காட்டும் எண்ணை யாராவது தினமும் குறிக்கிறார்களா? சிவப்புப் பெட்டியில் கிடக்கும் பழுதுப் போர்டுகளைக் காட்டி, இவை ஏன் ஒதுக்கப்பட்டன என்று கேளுங்கள். காரணம் எழுதிய ஒட்டுச்சீட்டு இருந்தால் நல்ல இடம். ‘எங்களுக்குப் பழுதே வராது’ என்றால் அவர்கள் பார்ப்பதில்லை என்று அர்த்தம்.

கிளம்பும் முன் பேக்கிங்கையும் பேசி முடியுங்கள். போர்டுகள் தேவிபட்டினம் வந்து கோடவுனில் மாதக்கணக்கில் இருக்கப்போகின்றன. ஆன்டி-ஸ்டாட்டிக் உறை மட்டும் ஈரத்தைத் தடுக்காது. சிலிக்கா ஜெல்லும் ஈரம் காட்டும் அட்டையும் போட்டு, அலுமினிய ஈரத்தடுப்புப் பையில் 25 வீதம் சீல் செய்யச் சொல்லுங்கள். ஒரு பையைத் திறந்தால் அந்த 25-ஐயும் பெட்டிக்குள் பொருத்தி முடித்த பிறகே அடுத்த பை.