யூட்டா, அரிசோனா பள்ளத்தாக்குகளை நாங்கள் இருவர் மட்டும் ஒரே வாரத்தில் காரில் சுற்றிப் பார்த்துவிட முடியுமா?

முடியும். ஆனால் ஸையன், பிரைஸ், ஆர்ச்சஸ், மான்யுமென்ட் வேலி, ஆன்டலோப், கிராண்ட் கேன்யன் என்று நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியலில் இரண்டை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நான் எடுப்பதென்றால் ஆர்ச்சஸையும் கிராண்ட் கேன்யனையும் எடுப்பேன். ஆர்ச்சஸுக்காக வடகிழக்கே மோவாப் வரை போய்வந்தால் ஒரு நாளுக்கு மேல் போய்விடும். கிராண்ட் கேன்யன் ஒரு மைல் ஆழம், ஆற்றின் வழியே அளந்தால் 277 மைல் நீளம். அதை விளிம்பில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதை என் மனசு ஒப்பவில்லை. கொஞ்ச தூரமாவது உள்ளே இறங்கி நடக்க வேண்டிய இடம் அது. தனியாக ஒரு முறை போங்கள்.

மிச்சமாகும் நேரத்தைச் சாலைகளுக்குக் கொடுங்கள். நாங்கள் ஃபீனிக்ஸில் இருப்பதால் இந்தப் பக்கம் அடிக்கடி போகிறோம். ஒவ்வொரு முறையும் அதிக நேரம் நின்றது பூங்காக்களுக்கு நடுவே ஓடும் சாலைகளில்தான். லாஸ் வேகஸில் கார் எடுத்தால் ஸையன், பிரைஸ், 12ஆம் எண் சாலை, கேபிடல் ரீஃப், ஹேங்க்ஸ்வில், 95, 261ஆம் எண் சாலைகள், மான்யுமென்ட் வேலி, பேஜ், கனாப், மறுபடி வேகஸ். ஒரே வட்டம். வேகஸை ஒட்டிய துண்டைத் தவிர, போன வழியில் திரும்பி வர வேண்டியதில்லை.

ஸையனில் ஆண்டின் பெரும்பகுதி பள்ளத்தாக்குக்குள் சொந்தக் கார் போக முடியாது, பூங்காவின் பேருந்துதான். காலை முதல் பேருந்தைப் பிடியுங்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாறை உச்சிக்கு ஏற 2022 முதல் குலுக்கலில் அனுமதி பெற வேண்டும். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். கிழக்கு வாசல் வழியே வெளியேறும்போது 1930இல் திறந்த, ஒரு மைலுக்குச் சற்றே நீண்ட சுரங்கப்பாதை வரும். அதைத் தாண்டியதும் சின்ன வண்டி நிறுத்தம். கேன்யன் ஓவர்லுக் என்ற நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. போக வர ஒரு மைல்தான், முடிவில் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். அதற்குப் பிறகான சாலையில் மெதுவாகப் போங்கள். இருபுறமும் பாறைகளில் சாய்வான வரிகள் ஒன்றின் மேல் ஒன்றாக, வேறு வேறு திசையில் ஓடும். டைனோசர் காலத்துப் பாலைவன மணல்மேடுகள் அப்படியே இறுகிக் கல்லானவை அவை. எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்பதை அந்தச் சாய்விலிருந்தே புவியியலாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். கையை வைத்துத் தடவிப் பாருங்கள், மணல் துகள் விரலில் ஒட்டும்.

பிரைஸ் ஊட்டியைவிட உயரம், விளிம்பிலேயே 8,000 அடிக்கு மேல். ஸையனில் 38 டிகிரி கொளுத்தும் அதே நாளில் இங்கே மாலையில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். விரிசலில் இறங்கும் தண்ணீர் இரவில் உறைந்து விரிகிறது, பகலில் உருகுகிறது. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள் இது நடப்பதால்தான் சுண்ணாம்புப் பாறை இப்படித் தூண் தூணாக நிற்கிறது. மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். குயின்ஸ் கார்டன் வழியே இறங்கி நவஹோ லூப் வழியே ஏறினால் ஏறக்குறைய மூன்று மைல், அரை நாளில் முடியும்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 12ஆம் எண் சாலையில் எஸ்கலான்டேயிலிருந்து போல்டர் வரை உள்ள துண்டை நல்ல வெளிச்சத்தில் ஓட்டுங்கள். 1930களில் பொருளாதார மந்தம் வாட்டியபோது, வேலையில்லாத இளைஞர்களை அரசே சேர்த்து வெட்டவைத்த சாலை அது. அதற்கு முன் போல்டருக்குத் தபால் கோவேறு கழுதை முதுகில்தான் போனது. காஃப் கிரீக் ஓடையைத் தாண்டி ஏறியதும் ஹாக்ஸ்பேக் வரும். சாலை ஒரு பாறை முதுகின் மேல் போகும், வலமும் இடமும் பள்ளம், பெரும்பாலான இடத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. எனக்கு உயரம் என்றால் உள்ளங்கால் கூசும். அதனால் அங்கே ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொள்வேன், என்னோடு வருபவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஓட்டுகிறவருக்குக் கண் சாலையில்தான் இருக்கும், பயம் பாதியாகிவிடும். உங்கள் இருவரில் யாருக்கு உயரம் ஆகாதோ அவர் ஓட்டட்டும். மற்ற இடங்களில் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் எதையுமே பார்க்காமல் ஊர் திரும்புவார்.

போல்டருக்கு அப்பால் சாலை 9,600 அடி வரை ஏறும். அக்டோபர் தொடக்கத்தில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக நிற்கும். ஏப்ரலில் பனி இருக்கலாம், பார்த்துக்கொண்டு போங்கள்.

கேபிடல் ரீஃபில் ஃப்ரூட்டா என்று மார்மன் என்ற கிறித்தவப் பிரிவினரின் பழைய குடியேற்றம் ஒன்று. அவர்கள் வைத்த பழத்தோட்டங்களைப் பூங்கா இன்றும் பராமரிக்கிறது. பறிக்கத் திறந்திருக்கும் நாட்களில் தோட்டத்துக்குள் நின்று எவ்வளவு தின்றாலும் காசில்லை, எடுத்துப்போவதற்கு மட்டும் எடைபோட்டுக் காசு. ஜூனில் செர்ரி, ஆகஸ்டில் பீச், செப்டம்பருக்குமேல் ஆப்பிள். சாலையோரப் பாறையில் முன்பு இங்கே வாழ்ந்த ஃப்ரீமான்ட் பூர்வகுடிகள் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. அகன்ற தோள், தலையில் கொம்புபோல் அணிகலன், பக்கத்தில் வளைந்த கொம்புள்ள ஆடுகள். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்பவை. காலைச் சாய்வெயிலில் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

ஹேங்க்ஸ்வில்லில் பாறையைக் குடைந்து கட்டிய கடையோடு ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. டேங்க் பாதி இருந்தாலும் அங்கே நிரப்பிவிடுங்கள். அடுத்த நூறு மைலுக்கு மேல் எதையும் நம்ப முடியாது, செல் சிக்னலும் இருக்காது. மேப்பை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் அதேதான். சின்ன ஊர்களில் உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடும், சைவம் என்றால் இன்னும் கஷ்டம். நாங்கள் புளிக்காய்ச்சலும் ஒரு சின்ன ரைஸ் குக்கரும் எடுத்துப்போவோம். விடுதியில் சாதம் வடித்துக் கிளறிக்கொண்டால் மதியக் கவலை தீர்ந்தது.

95ஆம் சாலையில் நேச்சுரல் பிரிட்ஜஸ் வரும். உலகின் முதல் இருள்வானப் பூங்கா (விளக்கு வெளிச்சம் வானத்தை மறைக்காத இடம்) என்று 2007இல் அறிவிக்கப்பட்ட இடம். அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதி பளிச்சென்று தெரியும். அங்கிருந்து தெற்கே 261இல் திரும்பினால் சமவெளி திடீரென்று முடிந்து மோக்கி டக்வே தொடங்கும். மூன்று மைல் ஜல்லிச் சாலை, 1,100 அடி இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். 1950களில் யுரேனியத் தாது லாரிகளுக்காக வெட்டியது. ஈரமில்லாத நாளில் சாதாரணக் கார் போகும், முதல் கியரிலேயே இறக்குங்கள். வாடகைக் கார் என்றால் மண் சாலைக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். இல்லையென்றால் பிளஃப் வழியே சுற்றிப் போகலாம். அனுமதி இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். இறங்குவதற்கு முன் மேலே ஓரமாக நின்று பாருங்கள், தொடுவானத்தில் மான்யுமென்ட் வேலியின் பாறைகள் தெரியும். மறுநாள் போகப்போகும் இடத்தை முந்தின நாளே அங்கிருந்து பார்த்துவிடலாம்.

மான்யுமென்ட் வேலியும் ஆன்டலோப் என்ற குறுகிய பள்ளத்தாக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நிலம். தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது, கட்டணம் அவர்களுக்குத்தான். அது சரியும்கூட. நவஹோ நிலத்தில் மதுவுக்குத் தடை, வண்டியிலும் வைத்திருக்காதீர்கள். மனிதர்களைப் படமெடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். எங்கே நடந்தாலும் பாதையைவிட்டு விலகாதீர்கள். மணல்மேல் கறுப்பாகப் பொருபொருவென்று தெரிவது உயிருள்ள மண். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஒரு காலடி பட்டால் மறுபடி வளரப் பல வருடம் ஆகும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இங்கே இடிமழைக் காலம். தலைக்குமேல் வெயிலடிக்கும்போதே எங்கோ பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் சுவராக வந்து இறங்கும். 1997 ஆகஸ்ட் 12இல் கீழ் ஆன்டலோப்பில் 11 பேர் இறந்தது அப்படித்தான், மழை பெய்தது பல மைல் தள்ளி. இப்போது வழிகாட்டி இல்லாமல் அதற்குள் விடுவதில்லை. வானிலையைச் சொல்லிப் பயணத்தை ரத்து செய்தால் மறுபேச்சு பேசாமல் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஏப்ரல் நடு முதல் மே வரை அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இருக்காது.

அந்த மாதங்களில் போனால் கடிகாரக் குழப்பம் ஒன்று உண்டு. யூட்டாவும் நவஹோ நிலமும் கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும், அரிசோனாவின் மற்ற பகுதிகள் வைக்காது. ஆன்டலோப்புக்குப் பக்கத்து ஊரான பேஜில் உங்கள் போன் பக்கத்து டவரைப் பிடித்து மாற்றி மாற்றிக் காட்டும். ஆன்டலோப்புக்கு முன்பதிவு செய்யும்போது, நேரம் பேஜ் கணக்கா நவஹோ கணக்கா என்று கேட்டுத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.