ஏலத்தை மூடச் சொல்லி அடிமாட்டு விலை கேட்டால் என்ன செய்வது?

கேள்வி: பல வருடங்கள் பயன்படுத்திய ஃபிலிம் கேமராவையும் ஒரு லென்ஸையும் ஆன்லைனில் 7 நாள் ஏலத்துக்கு விட்டிருக்கிறேன். நாலு பேர் வரட்டும் என்று தொடக்க விலையை ரொம்பக் குறைவாக வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் ஒருவர், நான் எதிர்பார்ப்பதில் கால் பங்கைச் சொல்லி, "இன்றே பணம் தருகிறேன், ஏலத்தை மூடிவிடுங்கள்" என்று செய்தி அனுப்பினார். மறுநாள் அதே மாதிரி இன்னும் இரண்டு பேர். இன்று மூன்றாம் நாள், ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. கோபமும் வருகிறது, பயமும் வருகிறது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: தள்ளிவிடாதீர்கள். அந்த மூன்று பேரும் உங்களிடம் கேட்டது விலைக்குறைப்பு மட்டுமல்ல, ஏலத்தையே மூடச் சொல்கிறார்கள். உங்கள் கேமரா கால் பங்குதான் பெறும் என்று உண்மையிலேயே நினைத்தால், அந்தத் தொகையை ஏலத்திலேயே கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? தொடக்க விலைதான் அதைவிடக் குறைவாக இருக்கிறதே. அப்படிச் செய்யவில்லை என்றால், இன்னும் இரண்டு பேர் வந்தால் விலை எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஒரு பழைய லென்ஸை ஏலத்துக்கு விட்ட முதல் இரவே ஒருவர் ஏலத்தை மூடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். சரி, போகட்டும் என்று ஏலத்தை மூடி, அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் அதே லென்ஸ் வேறொரு தளத்தில் ஏலத்துக்கு வந்தது. படம்கூட நான் எடுத்ததுதான். மேசை ஓரத்தில் என் மகள் போட்ட கிரேயான் கோடு அப்படியே தெரிந்தது. ஏலம் முடிந்தபோது நான் வாங்கியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போயிருந்தது.

மூன்று நாளாக ஆளே இல்லை என்பதற்கும் பயப்பட வேண்டாம். குறித்த நேரத்தில் முடியும் ஏலங்களில் விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே தலையைக் காட்ட மாட்டார்கள். ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கென்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஈபே, அமேசான் ஏலங்களை ஒப்பிட்டு 2002-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சொன்ன நேரத்தில் கறாராக முடிந்த ஈபே ஏலங்களில் கடைசி நிமிடக் கேட்பு மிக அதிகம். கடைசியில் யாராவது கேட்டால் நேரம் நீண்டுகொண்டே போன அமேசான் ஏலங்களில் அது குறைவு. ஆகவே உங்கள் பொருளைக் கவனிப்புப் பட்டியலில் எத்தனை பேர் சேர்த்திருக்கிறார்கள் என்று தளம் காட்டினால் அதைப் பாருங்கள். வெளியே தெரியும் அமைதியைவிட அந்த எண் நம்பகமானது.

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. தொடக்க விலை குறைவு, ரிசர்வ் விலையும் (இதை எட்டாவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்று விற்பவர் முன்கூட்டியே குறித்து வைக்கும் விலை) வைத்ததாகச் சொல்லவில்லை. கடைசிவரை ஒரே ஒருவர் மட்டும் வந்தால், அந்தக் குறைந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். யாரும் கேட்காத வரை தொடக்க விலையை மாற்றப் பல தளங்கள் அனுமதிக்கின்றன. முதல் ஆள் கேட்டுவிட்டால் பெரும்பாலும் அந்தக் கதவு மூடிவிடும். எனவே இன்றே உட்கார்ந்து, "இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன்" என்கிற விலையை முடிவு செய்து அதையே தொடக்க விலையாக வையுங்கள்.

அந்த விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே மாடல் விற்று முடிந்த ஏலங்களை மட்டும் பாருங்கள். இப்போது விற்பனையில் இருப்பவற்றின் விலை வெறும் ஆசைதான். விற்று முடிந்த விலையிலிருந்து தளத்தின் கட்டணம், பேக்கிங், அனுப்பும் செலவு எல்லாம் கழித்தால் கையில் என்ன நிற்கும் என்று தெரிந்துவிடும். அப்புறம், நம் பொருளின் மேல் நமக்குள்ள பாசத்தையும் கழிக்க வேண்டும். கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்துச் சோதித்தார்கள். கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படி என்றால், பல வருடம் தோளில் தொங்கிய கேமராவுக்குக் கேட்கவே வேண்டாம். நீங்கள் "எதிர்பார்க்கும்" விலை விற்று முடிந்த விலைகளோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

இனி அந்த மூவருக்கும் பதில். திட்டாதீர்கள், ஏன் இவ்வளவு குறைவு என்று வாதாடவும் வேண்டாம். அவர் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தால், பேரம் முழுக்க அந்த எண்ணைச் சுற்றியே ஓடும். இப்படி இரண்டு வரி போதும்: "விசாரித்ததற்கு நன்றி. ஏலம் அறிவித்த நாளில்தான் முடியும், அதுவரை நீங்களும் கேட்கலாம்." மறுபடி மறுபடி நச்சரித்தால் பிளாக் செய்துவிடுங்கள். விலையை முன்மொழியும் வசதியைத் தளமே தந்தால், இவ்வளவுக்குக் கீழே வந்தால் தானாகவே நிராகரி என்று வைத்துவிடலாம். அந்தச் செய்திகள் உங்கள் தூக்கத்தைக் கெடுக்காது.

"தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், கட்டணம் மிச்சம்" என்பவரிடம் மட்டும் பேச்சையே வளர்க்காதீர்கள். அது பெரும்பாலான தளங்களில் விதிமீறல். பணம் வராமல் போனாலும், வந்த பணம் போலி என்று தெரிந்தாலும் தளம் உங்களுக்குத் துணை நிற்காது.

குறைத்துக் கேட்பவர் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. "லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா, ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடுகிறதா?" என்று கேட்டுவிட்டு விலை சொல்பவர் பொருளை அறிந்தவர். அவருக்கு நேரம் ஒதுக்குங்கள். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து ஒரு படம், ஷட்டர் ஓடும் சின்ன வீடியோ ஒன்று எடுத்து ஏலப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். பூஞ்சை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். உள்ளே எப்படி இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் பலர் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். சேர்த்த பிறகு வரும் கேள்விகளின் தொனியே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இத்தனைக்கும் பிறகு 7 நாளும் யாரும் கேட்காமல் போனால், அந்த மூவரில் மரியாதையாகப் பேசியவருக்கு, அதே தளத்தின் வழியாகவே, நீங்கள் எழுதுங்கள். இந்த முறை முதல் எண்ணைச் சொல்வது நீங்களாக இருக்கட்டும்: "கேமரா இன்னும் இருக்கிறது. இந்த விலைக்குத் தரத் தயார். வேண்டுமென்றால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் மீண்டும் ஏலத்துக்குப் போட்டுவிடுவேன்."